மூத்தோர் செவிக்கு ஐந்து புதிய இசைத்தொகுப்புகள்

இறைவனை அடையப் பாகவதம் கூறும் பக்தி நெறிகள் ஒன்பது. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது சிரவணம், அதாவது கேட்டல். பாடுவதும், நினைப்பதும், திருவடி தொழுவதும், மலரிட்டு அர்ச்சிப்பதும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஏழு நாளில் உயிர் பிரியும் என்று சாபம் பெற்ற பரீட்சித்து மன்னன், கங்கைக்கரையில் அமர்ந்து சுகமுனிவர் சொல்லச் சொல்லக் கேட்டே நற்கதி அடைந்தான். வள்ளுவப் பெருந்தகையும் கேள்வி என்று ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள்களை அதற்கே அளித்திருக்கிறார்.

முதுமையில் இந்த முதல் நெறியின் அருமை நன்றாக விளங்கும். முழங்கால் வலியால் பிராகாரம் சுற்ற முடிவதில்லை. கண் மங்கியதால் பாராயண நூலின் எழுத்துகள் கூடிவருவதில்லை. தேர்த்திருவிழாவின் கூட்டத்தில் நிற்கப் பிள்ளைகள் அனுமதிப்பதில்லை. எஞ்சி நிற்பது செவி ஒன்றே. அதற்கு எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான இல்லங்களில் நாற்பது ஆண்டுகளாக ஒலிக்கும் அதே ஐந்தாறு பாடல்களே இன்றும் ஒலிக்கின்றன. அவை பொன்னானவை, அதில் ஐயமில்லை. ஆயினும், ‘புதிதாக வருவதெல்லாம் நமக்கானது இல்லை’ என்று கதவைச் சாத்திவிடுவது சரிதானா? திருவானைக்காவலில் ஒரு பெரியவருக்கு நேர்ந்த அனுபவம் இதற்கு விடை சொல்கிறது.

நின்றுபோன சுப்ரபாதம்

அவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; எழுபத்தெட்டு வயது. ஜம்புகேசுவரர் ஆலயத்து மதில் தெரியும் தெருவில் வீடு. அவ்வீட்டில் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதம் ஒலிக்கும். 1963இல் இசைத்தட்டாக வெளிவந்த அந்தப் பதிவை முதலில் வானொலியிலும், பிறகு கேசட்டிலும், பின்னர் கைப்பேசியிலுமாக அவர் கேட்டு வந்தார். அவருடைய மனைவி வாசலில் கோலமிட்டபடியே உடன் பாடுவார். எம்.எஸ். ஒரு சொல்லை முடித்த பிறகுதான் அம்மையார் அதைத் தொடங்குவார். ஒரு நொடி பிந்தி வரும் அந்த இரண்டாவது குரலோடு சேர்த்துத்தான் பெரியவரின் செவி சுப்ரபாதத்தை அறிந்திருந்தது.

ஆனி மாதத்தில் அம்மையார் காலமானார். காரியங்கள் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய மறுநாள் காலை, வழக்கம்போல் பெரியவர் சுப்ரபாதத்தை ஒலிக்கவிட்டார். முதல் சுலோகம் முடிவதற்குள் நிறுத்திவிட்டார். எம்.எஸ்.ஸின் குரலுக்குப் பின்னால் வரவேண்டிய குரல் வரவில்லை. அதன் பிறகு ஐந்து மாதங்கள் அவ்வீட்டில் எந்தப் பாட்டும் ஒலிக்கவில்லை. கோயிலுக்குப் போவதும் குறைந்தது. யாரேனும் கேட்டால், “காது சரியாகக் கேட்பதில்லை” என்று சொல்லிவிடுவார்.

கார்த்திகையில் பெங்களூரிலிருந்து பேத்தி வந்தாள். இசையில் ஈடுபாடு உள்ளவள். பத்து நாள் தங்கினாள். வீட்டின் மௌனம் அவளுக்குப் புரிந்தது. சுப்ரபாதத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஒரு மாலை, விளக்கேற்றிய பிறகு, “தாத்தா, நீங்கள் இதுவரை கேட்டிராத ஒன்றைப் போடட்டுமா? பிடிக்காவிட்டால் உடனே நிறுத்திவிடுகிறேன்” என்று மட்டும் கேட்டாள். பெரியவர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

ஓர் அமெரிக்கப் பெண்மணியின் பஜனை

அவள் ஒலிக்கவிட்டது ‘கீர்த்தன்: துரியா சிங்ஸ்’ என்னும் தொகுப்பு. ஒரு பெண்ணின் தாழ்ந்த குரல். அதற்கு அடியில் ஆர்மோனியத்தைப் போல், அதைவிடக் கனமாக, ஓர் ஆர்கன் ஒலி. வேறு எந்த வாத்தியமும் இல்லை. பாடுபவர் ஜகதீசுவரனையும், இராமனையும், கிருஷ்ணனையும், கோவிந்தனையும் அழைக்கிறார். வடமொழி உச்சரிப்பு நம் செவிக்குச் சற்று விலகித்தான் ஒலிக்கிறது. ஆனால் அவசரம் சிறிதும் இல்லை. ஒரு நாமத்தைச் சொல்லிவிட்டு, அது அடங்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததைச் சொல்கிறார்.

“யார் இந்த அம்மாள்?” என்று பெரியவர் கேட்டார். பேத்தி சொன்ன வரலாறு இது.

அவர் பெயர் ஆலிஸ் கோல்ட்ரேன். 1937இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இளமையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பின்னர் ஜாஸ் இசையில் பியானோவும் ஹார்ப்பும் வாசித்துப் புகழ் பெற்றார். கணவர் ஜான் கோல்ட்ரேன், சாக்சபோன் வாத்தியத்தில் உலகமே வியந்த கலைஞர். 1967 ஜூலையில் அவர் காலமானபோது ஆலிஸுக்கு வயது இருபத்தொன்பது. கையில் நான்கு குழந்தைகள். உறக்கம் இழந்து, உடல் மெலிந்து, பெருந்துயரில் இருந்த அவருக்கு வழிகாட்டியாக வந்தவர் சுவாமி சச்சிதானந்தர். அவர் நம் கோயம்புத்தூர்ப் பகுதியில் உள்ள செட்டிபாளையத்தில் பிறந்தவர். ரிஷிகேசத்து சுவாமி சிவானந்தரின் சீடர். சிவானந்தர் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்தவர் என்பதை அன்பர்கள் அறிவர். தாமிரபரணிக்கரையில் தொடங்கிய ஒரு குருபரம்பரை, கடல் கடந்து ஒரு கைம்பெண்ணின் துயரத்தைத் தொட்டது.

ஆலிஸ் 1970இன் இறுதியில் குருவுடன் இந்தியா வந்தார். குருவின் பெயரைத் தாங்கிய ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்னும் அவருடைய இசைத்தொகுப்பு 1971இல் வெளிவந்தது. பின்னர் அவர் துறவு பூண்டு, துரியசங்கீதானந்தா என்னும் பெயர் ஏற்றார். நனவு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றையும் கடந்த நிலையே துரியம் என்பது வேதாந்தம். கலிபோர்னியாவில் ஆசிரமம் நிறுவி, அங்கு வருவோருக்குப் பஜனை பாடுவதையே பணியாகக் கொண்டார். 1982இல் அந்தப் பஜனைகளைக் கேசட்டாகப் பதிந்து ஆசிரம அன்பர்களுக்கு மட்டும் அளித்தார். 2007இல் அவர் மறைந்தார். 2018இல் பரவிய பெருங்காட்டுத்தீயில் ஆசிரமக் கட்டிடமும் அழிந்தது. அவருடைய மகன் ரவி கோல்ட்ரேன், தாயின் குரலும் ஆர்கனும் மட்டும் அடங்கிய பழைய பதிவை எடுத்து, 2021இல் உலகத்தார் கேட்கும்படி வெளியிட்டார். ரவி என்னும் பெயர், பண்டிட் ரவிசங்கரின் நினைவாகப் பெற்றோர் அவருக்குச் சூட்டியது.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இன்னொரு தடவை போடு” என்றார். காது கேட்கவில்லை என்று சொன்னவர், அன்று முழுத் தொகுப்பையும் கேட்டார்.

இத்தொகுப்பில் இராகத்தையும் தாளக்கணக்கையும் தேட வேண்டாம். சங்கீத சபையின் செவியோடு கேட்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இழந்தவர் ஒருவர் இறைவனை அழைக்கும் குரலாகக் கேட்டால், மொழியும் தேசமும் மறைந்துவிடும். மாலை விளக்கேற்றிய பிறகு, பேச்சற்ற அரைமணி நேரத்திற்கு ஏற்றது.

முதிய செவி புதியதைக் கற்குமா?

மறுநாள் பெரியவருக்கே ஓர் ஐயம். “இந்த வயதில் புதிய பாட்டைப் பழகிக்கொள்ள முடியுமா?” என்றார். இதற்கு விடை, அவர் வீட்டில் மௌனமாகிவிட்ட எம்.எஸ். அம்மையாரின் வாழ்விலேயே இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்திற்காக அவர் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா, ஐந்து இசைத்தட்டுகளாக 1980ஐ ஒட்டி வெளிவந்தது. அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். இந்தியா முழுவதும் போற்றப்பட்டவர். தாம் அறிந்த பாடல்களைக் கொண்டே தட்டுகளை நிரப்பியிருக்கலாம். அவரோ, நேதனூரி கிருஷ்ணமூர்த்தி இசையமைத்த அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் செய்து, தெலுங்குச் சொற்களின் பொருளையும் ஒலியையும் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டு பாடினார். இன்று நாம் ‘பழைய பாட்டு’ என்று போற்றும் அந்தக் கீர்த்தனைகள், அன்று அறுபது வயது மாணவி ஒருவர் கற்ற புதிய பாட்டுகளே.

பழகிய செவிக்கு எது புதியதோ அதைப் புதியது என்று கொண்டால் போதும்; வெளியான ஆண்டு முக்கியமன்று. பேத்தி ஊருக்குப் போகுமுன் மேலும் நான்கு தொகுப்புகளைத் தாத்தாவின் கைப்பேசியில் சேர்த்துவைத்தாள்.

மந்திரங்களும் வாத்தியங்களும்

அவற்றுள் ஒன்று, ‘சான்ட்ஸ் ஆஃப் இந்தியா’. பண்டிட் ரவிசங்கர் இசையமைத்து 1997இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. பதிவின் ஒரு பகுதி சென்னையிலும், மறுபகுதி இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹாரிசனின் இல்லத்திலும் நடந்தது. உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்தவரான ஹாரிசன், ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். கிருஷ்ண பக்தியில் ஆழ்ந்தவர். இத்தொகுப்பின் தயாரிப்புப் பொறுப்பை அவரே ஏற்றார்.

காயத்ரி, மகாமிருத்யுஞ்சயம், உபநிடதங்களின் சாந்தி மந்திரங்கள் ஆகியவை இதில் உள்ளன. பலர் சேர்ந்து ஓத, வீணையும் குழலும் தந்தி வாத்தியங்களும் பின்னால் மெல்லத் தொடர்கின்றன. சிதார் மேதையின் தொகுப்பு என்றாலும் சிதாரின் ஆரவாரம் இல்லை. இசை ஒருபோதும் மந்திரத்தை முந்துவதில்லை.

இங்கு ஆசாரமுள்ள அன்பர்களுக்கு ஒரு கேள்வி எழும். வேதமந்திரங்கள் உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்னும் ஸ்வர ஒழுங்கோடு குருமுகமாகக் கற்று ஓதப்பட வேண்டியவை. அவற்றோடு வாத்தியம் சேர்க்கலாமா? கேள்வி நியாயமானதே. இத்தகைய பதிவு பாராயணத்திற்கு ஈடாகாது. நித்திய கர்மாவுக்கு மாற்றாகவும் ஆகாது. பூஜையின்போது இதை ஒலிக்கவிடுவதைத் தவிர்க்கலாம். ஆனால், உடல்நலம் குன்றிப் படுத்திருப்பவர் அருகிலோ, உறக்கம் வராத இரவிலோ, சாந்தி மந்திரத்தின் பொருளை மனத்தில் இருத்திக் கேட்பதற்கு இது நல்ல துணை. திருவானைக்காவல் பெரியவர் இதைப் பின்னிரவில் உறக்கம் கலையும் வேளைக்கென ஒதுக்கிக்கொண்டார்.

மேலை இசையில் மணிவாசகர்

இரண்டாவது, இசைஞானி இளையராஜாவின் திருவாசகம். 2005இல் வெளிவந்தது. மணிவாசகப் பெருமானின் திருப்பதிகங்களிலிருந்து எடுத்த பாடல்களை மேலைநாட்டுப் பேரிசைக்குழுவோடு இணைத்து அவர் அமைத்தார். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரத்துச் சிம்பொனிக் குழுவினர் வாசித்தார்கள். மொத்தம் ஆறு பகுதிகள். யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகியவற்றிலிருந்து அவை அமைந்துள்ளன.

ஓதுவாமூர்த்திகளின் பண்ணில் திருவாசகம் கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் ஐந்து நிமிடங்கள் திகைப்பாக இருக்கும். நூறு வாத்தியங்கள் ஒருங்கே எழுவது போன்ற பேரொலி. இடையில் ஆங்கில வரிகளும் வருகின்றன. “இது என்ன, திருவாசகம்தானா?” என்றே பெரியவரும் கேட்டார், முதல் நாள் பாதியில் நிறுத்தியும்விட்டார். மூன்றாம் நாள், பேத்தி தொலைபேசியில் சொன்ன யோசனைப்படி, திருவாசக நூலைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். அப்போது வழி கிடைத்தது. இறைவன் நீராடுவதற்குப் பொற்சுண்ணம் இடிக்கும் மகளிரின் மகிழ்ச்சியும், வினையை எண்ணி வருந்தும் அடியவரின் நைவும் வெவ்வேறு நிறங்களில் ஒலிப்பது புலனாயிற்று.

அச்சப்பத்தில் மணிவாசகர், புற்றில் உறையும் பாம்புக்கும் அஞ்சேன் என்கிறார். இறைவனிடத்து அன்பில்லாதவரைக் கண்டாலே தமக்கு அச்சம் என்கிறார். தனிமையில் இருப்பவருக்கு இரவில் எத்தனையோ அச்சங்கள் எழும். இந்தப் பதிகத்தை நூலும் இசையுமாகக் கேட்ட அன்று, வாசற்கதவை இருமுறை சோதிக்காமல் படுத்துக்கொண்டதாகப் பெரியவர் பேத்தியிடம் சொன்னார்.

இத்தொகுப்பைப் படுத்தபடி கேட்க வேண்டாம். பகற்பொழுதில், அமர்ந்து, நூலோடு கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்.

நான்கு தலைமுறைகள் சேர்ந்து கேட்க

மூன்றாவது, சக்தி என்னும் குழுவின் ‘திஸ் மொமென்ட்’. இது பக்தித் தொகுப்பு என்று சொல்ல முடியாது. ஆயினும் இங்கே பரிந்துரைக்கக் காரணம் உண்டு. ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1970களில் நம் நாட்டுக் கலைஞர்களுடன் சேர்ந்து தொடங்கிய குழு இது. அன்று தபேலாவில் ஜாகிர் உசேன், வயலினில் எல். சங்கர், கடத்தில் விக்கு விநாயக்ராம். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அரங்கக் கச்சேரியாக அன்றி ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கி 2023இல் வெளியிட்ட தொகுப்பில், கஞ்சிராவும் பிற தாளவாத்தியங்களும் வாசிப்பவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். குரல் சங்கர் மகாதேவன். வயலின் கணேஷ் ராஜகோபாலன். தந்தை அமர்ந்த இடத்தில் மகன் அமர்ந்து வாசிக்கிறார். 2024 பிப்ரவரியில் இதற்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

தொகுப்பின் முதல் பகுதி, 2014இல் நாற்பத்தைந்து வயதிலேயே மறைந்த மாண்டலின் சீனிவாஸின் நினைவாக அமைந்தது. இக்குழுவோடு பல மேடைகளில் வாசித்தவர் அவர். மறைந்த தோழனை நினைத்து வாசிக்கும் இசை ஒப்பாரியாக இல்லாமல் துள்ளலும் விளையாட்டுமாக இருப்பது முதலில் வியப்பளிக்கும். இறந்தவரை அவருடைய மகிழ்ச்சியைக் கொண்டும் நினைவுகூரலாம் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது இது.

வேகமான இசை, தனியே அமர்ந்து கேட்டால் மூத்தோருக்கு அலுப்புத் தட்டலாம். விடுமுறை நாளில் பேரன் பேத்திகள் வந்திருக்கும்போது, கூடத்தில் ஒலிக்கவிட்டு, கஞ்சிரா எங்கே வருகிறது, தபேலா எங்கே வருகிறது என்று கேட்டுச் சொல்லப் பிள்ளைகளை ஏவலாம். தாத்தாவும் பாட்டியும் ஒதுங்கி அமராமல் உடன் இருப்பதற்கு இது ஒரு வழி.

எழுபதில் கிடைத்த விருது

நான்காவது, 2024இல் வெளிவந்த ‘திரிவேணி’. பிரயாகையில் மூன்று நதிகள் சங்கமிப்பதுபோல், மூன்று கலைஞர்கள் இதில் இணைகிறார்கள். மந்திரங்களை ஓதிப் பாடுபவர் சந்திரிகா டாண்டன். குழல், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த வௌட்டர் கெல்லர்மன். வயலினுக்கு மூத்த சகோதரிபோல் தாழ்ந்த நாதமுடைய செல்லோ, ஜப்பானியரான எரு மட்சுமோட்டோ. ஏழு பகுதிகள் கொண்டது. 2025 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது.

சந்திரிகா டாண்டன் சென்னையில் வளர்ந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்திலும் பயின்றவர். வங்கித் துறையில் தொடங்கி, அமெரிக்காவில் மெக்கின்சி என்னும் ஆலோசனை நிறுவனத்தில் பங்குதாரராக உயர்ந்து, பின்னர் வங்கிகளைச் சீரமைக்கும் ஆலோசனை நிறுவனத்தைத் தாமே நடத்தியவர். கணக்கும் காசோலையுமாக வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த அவர், நடுவயதைக் கடந்த பிறகே இளமையில் கேட்ட வேத ஒலிக்கும் இசைக்கும் முழுமனத்தோடு திரும்பினார். விருது பெற்றபோது வயது எழுபது. பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் ‘இனி என்ன இருக்கிறது’ என்று சாய்வு நாற்காலியில் சாய்பவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு இது.

இசை மிக நிதானமானது. சில சொற்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. குரல் ஓய்ந்ததும் குழல் தொடர்கிறது. குழல் அடங்கும்போது செல்லோ தாங்கிக்கொள்கிறது. புதிதாக எதையும் எதிர்பார்ப்பவருக்கு, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். ஜபம் செய்து பழகியவருக்கு அந்த நிலையே உகந்ததாக இருக்கும். காலையில் நீராடிய பிறகு, ஜபத்திற்கு அமருமுன் மனத்தைக் கூட்டிக்கொள்ள ஏற்றது.

கேட்கும் முறை

நல்ல தொகுப்பைத் தேர்ந்தால் மட்டும் போதாது. கேட்கும் முறையும் வேண்டும். வயது ஏற ஏறச் செவியில் முதலில் மங்குவது உச்சமான, மெல்லிய ஒலிகளே. ஸகரம் ஷகரம் போன்ற ஒலிகள் தேய்ந்து கேட்பதால், குரல் கேட்டும் சொல் விளங்காது. ஒலியளவைக் கூட்டினால் இரைச்சல் கூடுமே தவிரத் தெளிவு கூடாது. தாழ்ந்த குரலும், ஆர்கன், செல்லோ போன்ற கனமான நாதமும் முதியோர் செவிக்கு எளிதில் எட்டுவதற்கு இதுவே காரணம். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்பதைவிட, ஓரளவு பெரிய ஒலிபெருக்கியை எதிரே மூன்று நான்கு அடி தூரத்தில் வைத்து, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டுக் கேட்பது நலம். சொற்கள் விளங்குவது திடீரெனக் குறைந்தால் காது மருத்துவரை அணுகத் தயங்கக் கூடாது. கண்ணாடி அணிவதில் இல்லாத நாணம், கேட்புக் கருவி அணிவதில் எதற்கு?

அடுத்தது, முழுமையாகக் கேட்பது. இக்காலத்துக் கைப்பேசிகள் ஒரு பாட்டு முடியுமுன் மற்றொன்றைத் தள்ளிவிடுகின்றன. நடுவில் விளம்பரம் வருகிறது. பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ சொல்லி, ஒரு தொகுப்பை முதலிலிருந்து முடிவுவரை வரிசை மாறாமல் ஒலிக்கும்படி சேர்த்துவைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டு உதவி பெறுவதில் கூச்சம் வேண்டாம். பேசுவதற்கு ஒரு பொருள் கிடைத்ததே என்று பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சிதான்.

மூன்றாவதாக, ஒரு தொகுப்பை ஒருமுறை கேட்டுத் தள்ளிவிடலாகாது. மூன்று நாள் கேட்ட பிறகும் மனம் ஒட்டவில்லையெனில் விட்டுவிடலாம். சுவை அவரவர்க்கு உரியது. பிடிக்காததைக் கேட்டே தீர வேண்டுமென்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை.

தை முதல் நாள்

மார்கழி வந்தது. அம்மாதம் முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்திற்குப் பதிலாகத் திருப்பாவையே ஒலிக்கும் என்பது மரபு. திருவானைக்காவல் வீட்டிலும் மார்கழியில் சுப்ரபாதம் ஒலிப்பதில்லை. அம்மையார் இருந்த காலத்திலேயே அப்படித்தான். ஆகவே அந்த ஒரு மாதம், வீட்டின் மௌனம் பெரியவருக்குக் குறையாகத் தோன்றவில்லை. விடியலில் ஆலயத்துத் திருவெம்பாவையும், பகலில் திருவாசகமும், மாலையில் ஆலிஸ் அம்மையாரின் பஜனையும் என்று நாட்கள் சென்றன. தொலைபேசியில் பேத்தியிடம் பேசும் பேச்சு நீண்டது. “அந்தச் செல்லோ அடங்கும் இடம் கேட்டாயா?” என்று அவரே கேட்கத் தொடங்கியிருந்தார்.

தை பிறந்தது. அம்மையார் காலமாகி ஆண்டு நிறையாததால் அவ்வீட்டில் பொங்கல் இல்லை. வாசலில் கோலமும் இல்லை. விடியுமுன் எழுந்த பெரியவர் விளக்கேற்றினார். மார்கழி முடிந்ததால் திருமலையில் அன்றோ மறுநாளோ சுப்ரபாதம் மீண்டும் தொடங்கும் என்ற நினைவு வந்தது. கைப்பேசியை எடுத்து, ஏழு மாதங்களாகத் தொடாத அந்தப் பதிவை ஒலிக்கவிட்டார்.

எம்.எஸ். முதல் சொல்லைப் பாடி முடித்தார். அதற்குப் பின்னால் எந்தக் குரலும் வரவில்லை. இம்முறை பெரியவர் நிறுத்தவில்லை. ஒரு நொடி பொறுத்து, அம்மையார் தொடங்கும் அதே இடத்தில், தாமே அந்தச் சொல்லைப் பாடினார். குரல் கரகரத்தது, சுருதியும் சேரவில்லை. ஆயினும் மங்களம் வரையில், ஒவ்வொரு சொல்லையும் ஒரு நொடி பிந்தியே பாடி முடித்தார்.

அன்று மாலை பேத்தியிடம் இதைத் தெரிவித்தபோது, “புதுப்பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனால் காலையில் உன் பாட்டி பாட்டுத்தான்” என்றார். பேத்தி சிரித்தாள். மாலைக்கு வேறு ஏதேனும் புதிதாக அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பச் சொன்னார்.